வானை அளந்த போக்சன்

மேகமற்ற இரவில் வானத்தை அண்ணாந்து நோக்குவோர்க்கு எண்ணிறந்த ஒளிப்புள்ளிகள் தோன்றுகின்றன. அவை யாவும் ஒரே தன்மையன போலக் காணப்படினும் அவற்றுள் வேறுபாடு மிகவுண்டு. நிலைபெயராதன போல நிற்கும் விண்மீன்களுக்கிடையே, நாள்தோறும் சிறிது சிறிதாக இடம்பெயரும் கோள்களும் உள்ளன. வெள்ளி, வியாழன் போன்ற பெருங்கோள்களை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆனால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களை அவ்வாறு காண்டல் அரிது. தொலைநோக்கியின் வழியே நோக்கினும், அவை மங்கிய விண்மீன்களைப் போன்றே தோன்றும். விண்மீன் எது, சிறுகோள் எது எனப் பிரித்தறிதற்கு, கூர்த்த கண்ணும் சலியாத உள்ளமும் வேண்டும்.

அத்தகைய கண்ணும் உள்ளமும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர் நார்மன் ராபர்ட் போக்சன். அவர் ஆங்கில நாட்டிற் பிறந்தவர். எனினும், தம் வாழ்வின் இறுதி முப்பது ஆண்டுகளைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த சிறிய வானாராய்ச்சி நிலையத்தில் கழித்தவர். சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடி, அவை நிற்கும் இடத்தை அளந்து குறிப்பதே அவருக்கு வாழ்நாட்பணியாயிற்று. விண்மீன்களின் ஒளியை அளத்தற்கு அவர் வகுத்த முறையை உலகெங்குமுள்ள வானநூலார் இன்றும் கைக்கொண்டு வருகின்றனர்.

இளமை

போக்சன் 1829-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் என்னும் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் பின்னலாடைத் தொழிலில் ஈடுபட்டவர். மகன் தம் தொழிலையே மேற்கொள்வான் என்பது அக்காலத்து வழக்கத்தை ஒட்டிய எதிர்பார்ப்பு. ஆனால், இளைஞரின் உள்ளமோ கணிதத்திலும் அறிவியலிலும் படிந்து நின்றது. பதினாறாம் வயதிலேயே அவர் பள்ளியை விட்டு நீங்கினார். பிறர்க்குக் கணிதம் கற்பித்துப் பொருளீட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் பெற்றாரல்லர்.

பட்டம் இல்லாமை அவர் முயற்சியைத் தடுக்கவில்லை. பதினெட்டாம் வயதில் அவர் இரண்டு வால்மீன்களின் பாதையைத் தாமே கணித்தார். ஒரு வால்மீன் வானில் நின்ற இடங்களை வெவ்வேறு நாட்களில் அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு அது ஞாயிற்றைச் சுற்றும் வழியை வரையறுப்பது எளிய செயலன்று. கணிப்பொறிகள் தோன்றாத அக்காலத்தில், மடக்கை வாய்பாடுகளைத் துணைக்கொண்டு, பக்கம் பக்கமாக எண்களை எழுதிக் கூட்டியும் கழித்தும் விடை காண வேண்டும். ஓரிடத்தில் ஓர் எண் பிழைபடின் முழுவதும் பிழைபடும். இக்கடுமையான பயிற்சியே போக்சனுக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. அக்காலத்தில் சிறுகோள்கள் பலவற்றைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஹைண்ட் என்னும் வானநூலார் அவருக்கு வழிகாட்டினார். 1851-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹைண்ட் பணிபுரிந்த வானாராய்ச்சி நிலையத்திலும், அடுத்த ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரிலிருந்த ராட்கிளிப் வானாராய்ச்சி நிலையத்திலும் போக்சன் உதவியாளராக அமர்ந்தார்.

ஆக்ஸ்போர்டில் இருந்தபோது, 1856-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்கு அவர் மகளின் பெயராகிய ஐசிஸ் என்பதே சூட்டப்பட்டது. அக்கண்டுபிடிப்பைப் பாராட்டிப் பிரெஞ்சு நாட்டு அறிவியற் கழகத்தார் லலாந்து பதக்கத்தை அவருக்கு வழங்கினர். அடுத்த ஆண்டில் அரியாட்னி, ஹெஸ்டியா என மேலும் இரண்டு சிறுகோள்களை அவர் கண்டறிந்தார்.

ஒளியை அளந்த முறை

அந்த 1856-ஆம் ஆண்டிலேயே போக்சன் தம் பெயரை நிலைபெறச் செய்த மற்றொரு பணியையும் செய்து முடித்தார். விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு வகுப்புக்களாகப் பிரிப்பது பழைய கிரேக்கர் காலந்தொட்டு வந்த வழக்கம். மிக்க ஒளியுடையவை முதல் வகுப்பு. கண்ணுக்கு அரிதிற் புலப்படுபவை ஆறாம் வகுப்பு. ஆயினும், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடு எவ்வளவு என்பதற்குத் திட்டமான அளவு இருந்ததில்லை. தொலைநோக்கிகள் பெருகி, மேலும் மங்கிய விண்மீன்கள் புலப்படத் தொடங்கியதும் இக்குறை பெரிதாயிற்று. ஒருவர் ஒன்பதாம் வகுப்பு என்று குறித்ததை மற்றொருவர் பத்தாம் வகுப்பு என்றார். ஊருக்கு ஒரு படியும் கடைக்கு ஒரு மரக்காலும் வைத்து நெல் அளந்தாற்போல இருந்தது அந்நிலை.

சிறுகோள்களைத் தேடுவோர்க்கு இது பெரும் இடையூறாக இருந்தது. ஒரு சிறுகோள் நிலவுலகத்தை நெருங்கும்போது ஒளி மிகும்; அகலும்போது குறையும். எந்த மாதத்தில் அது எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்பது முன்னரே தெரிந்தால்தான் அதனைத் தேடிப் பிடித்தல் இயலும். 36 சிறுகோள்கள் 1857-ஆம் ஆண்டில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்பதைக் கணிக்க முற்பட்ட போக்சன், அதன்பொருட்டு ஒரு விதியை வகுத்தார். முதல் வகுப்பு விண்மீன் ஆறாம் வகுப்பு விண்மீனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுடையது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஐந்து படிகளில் நூறு மடங்கு ஆதல் வேண்டின், ஒரு படிக்கு 2.512 மடங்கு ஆகும். இவ்வெண்ணின் மடக்கை 0.4 என்னும் எளிய எண்ணாதலின் கணிப்பதும் எளிதாயிற்று. அன்று ஒரு சிறு தேவைக்காக அவர் வகுத்த இவ்விதி, பின்னர் ஞாயிறு முதல் மிகத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் ஈறாக எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோலாயிற்று.

சென்னைக்கு வருகை

1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போக்சன் அரசாங்க வானநூலாராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. சென்னை வானாராய்ச்சி நிலையம் அதற்கு முன்னரே பழமை வாய்ந்தது. பெட்ரி என்பவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1786-இல் தொடங்கிய நிலையத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியார் ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பினர். கருவி அசையாது நிற்றற்பொருட்டு ஆங்கு நாட்டப்பெற்ற கருங்கல் தூணை இன்றும் காணலாம். அதில் தமிழ் உட்படப் பல மொழிகளிற் பொறிக்கப்பட்ட எழுத்துக்கள் அந்நிலையத்தின் தோற்றத்தை எடுத்துரைக்கின்றன.

நிலையம் பழமையானதேனும் சிறியது. ஐரோப்பிய நகரங்களில் இருந்தன போன்ற பெருங்கருவிகள் அங்கு இல்லை. ஆறு அங்குலத்துக்குச் சற்று மிகுந்த விட்டமுடைய ஒரு தொலைநோக்கியே அப்போது தேடுதற்குப் பயன்பட்டது. உதவியாளர் சிலரே. கோடையின் வெம்மையும் மழைக்காலத்து முகிலும் மாறிமாறி இடையூறு செய்தன. ஆயினும், சென்னைக்கு ஒரு சிறப்பு உண்டு. அது நிலநடுக்கோட்டை அடுத்த ஊர். ஆதலின், ஐரோப்பாவில் அடிவானத்துக்கு மேல் எழாத தென்வானத்து விண்மீன்கள் பலவற்றை இங்கிருந்து காணலாம்.

ஆசியா என்னும் சிறுகோள்

சிறுகோளைத் தேடும் முறை கேட்பதற்கு எளியது; செய்வதற்கு அரியது. முதலில் வானத்தின் ஒரு சிறு பகுதியில் தோன்றும் விண்மீன்கள் அனைத்தையும், மிக மங்கியவற்றையும் விடாமல், படமாக வரைதல் வேண்டும். பின்னர், இரவுதோறும் அப்பகுதியைத் தொலைநோக்கியால் நோக்கிப் படத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்படின், அதன் இடத்தை அளந்து குறித்தல் வேண்டும். மறுநாளும் அது அங்கேயே நின்றால் அது வரையாது விடுபட்ட விண்மீன். நகர்ந்திருந்தால் சிறுகோளாதல் கூடும். கண்டதோடு வேலை முடிவதில்லை. பல இரவுகள் தொடர்ந்து அதன் இடத்தை அளந்து பாதையைக் கணியாவிடின், கண்ட சிறுகோள் மீண்டும் விண்மீன் கூட்டத்தில் மறைந்துவிடும்.

இம்முறையில் பழகிய போக்சன், சென்னைக்கு வந்த சில திங்களுக்குள், 1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள், புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. அதுபற்றியே அதற்கு ஆசியா என்று பெயரிட்டனர். சிறுகோள்களின் வரிசையில் அதன் எண் 67. அதன் பின்னர் 1864-இல் சாபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா ஆகியவற்றையும் அவர் சென்னையிலிருந்தே கண்டார். இங்கிலாந்தில் மூன்று, சென்னையில் ஐந்து என எட்டுச் சிறுகோள்கள் அவர் கண்டுபிடிப்பாயின. ஒளி மாறும் விண்மீன்களையும் அவர் இடைவிடாது ஆராய்ந்து வந்தார். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டினத்துக்குச் சென்று ஆராய்ந்தார்.

துணைநின்றோர்

இப்பணிகளையெல்லாம் போக்சன் தனியராகச் செய்யவில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்னும் அறிஞர் அவர்க்கு வலக்கைபோல் விளங்கினார். பஞ்சாங்கக் கணிதத்திலும் வல்லவரான ரகுநாதாச்சாரி, போக்சன் வருவதற்கு முன்பிருந்தே அந்நிலையத்தில் பணியாற்றி வந்தவர். 1867-ஆம் ஆண்டில் தென்வானத்திலுள்ள விண்மீன் ஒன்று ஒளி மாறும் தன்மையது என்பதை அவர் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானநூற் கழகத்தில் உறுப்பினரானார். 1874-ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லவிருந்த நிகழ்ச்சியை நம் நாட்டு மக்களும் அறிந்துகொள்ளுமாறு விளக்கி நூல் எழுதினார். 1880-இல் அவர் இயற்கை எய்தியது நிலையத்துக்குப் பேரிழப்பாயிற்று.

போக்சனின் மகள் ஐசிஸ் 1873-ஆம் ஆண்டு முதல் தந்தையாரின் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1886-இல் அவரை அரச வானநூற் கழகத்தில் உறுப்பினராக்குமாறு போக்சன் முன்மொழிந்தார். பெண் என்னும் காரணத்தால் அக்கழகம் அப்போது அவரை ஏற்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1920-இல் அவ்வுறுப்பினர் பதவி அவருக்குக் கிடைத்தது. அதனைக் காண்பதற்குத் தந்தையார் உயிரோடு இல்லை.

மறைந்த வால்மீன்

போக்சனின் வாழ்வில் வானநூலுலகம் முழுவதும் சென்னையை நோக்குமாறு செய்த நிகழ்ச்சி ஒன்று 1872-ஆம் ஆண்டில் நேர்ந்தது. பியேலா என்னும் வால்மீன் ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றி வருவது. 1846-இல் அது இரண்டாகப் பிளவுற்றுத் தோன்றிக் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. 1852-இல் இருபகுதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று அகன்று காணப்பட்டன. அதன்பின் அதனை எவரும் கண்டிலர். 1872-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், அவ்வால்மீனின் பாதையை நிலவுலகம் கடந்தபோது, ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. வால்மீன் சிதைந்த துகள்களே அவ்வாறு வீழ்ந்தன என்பதை அறிஞர் உணர்ந்தனர்.

செருமனி நாட்டில் கோட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்பூஸ் என்னும் வானநூலார் மேலும் ஒன்று எண்ணினார். வால்மீன் நிலவுலகத்தை நெருங்கிக் கடந்து சென்றிருக்குமாயின், எரிமீன்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் அது தோன்றுதல் வேண்டும். அத்திசையோ தென்வானத்தில் சென்டாரசு என்னும் விண்மீன் குழுவிற் பொருந்தியது. அவ்விடத்தை ஐரோப்பாவிலிருந்து நோக்குதல் இயலாது. சென்னையிலிருந்து நோக்குதல் இயலும். உடனே அவர், அவ்விடத்திலே தேடுமாறு போக்சனுக்குத் தந்தி விடுத்தார்.

சென்னையிலோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். விடியற்காலையில் சிறிது நேரமே அப்பகுதி அடிவானத்துக்கு மேல் எழும். முகிலும் மழையும் வானத்தை மூடியிருந்தன. டிசம்பர் 2-ஆம் நாள் விடியலில் முகில் சற்றே விலகிற்று. குறிக்கப்பட்ட இடத்துக்கு அருகே வால்மீன் ஒன்றைப் போக்சன் கண்டார். உடனே அதன் இடத்தை அளந்தார். மறுநாளும் அதனைக் கண்டு அளந்ததோடு, மங்கிய வால் ஒன்று இருந்ததையும் குறித்துக்கொண்டார். அதன்பின் வானம் மீண்டும் மூடிக்கொண்டது. மழை விட்டபின் தேடியபோது அது அகப்படவில்லை.

புதிய வால்மீன் ஒன்றின் பாதையைக் கணித்தற்கு மூன்று நாட்களின் அளவுகளேனும் வேண்டும். இரண்டே கிடைத்தன. மூன்றாவது விடியல் மட்டும் தெளிந்திருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். தாம் கண்டது பியேலாவே என்று போக்சன் கருதினார். பின்னர் ஆராய்ந்தோர், பியேலா அந்நாட்களில் அவ்விடத்தில் இருந்திருக்க இயலாது என்று கணித்துக் கூறினர். போக்சனின் கருத்து நிலைபெறவில்லை. ஆனால், அவர் அளந்து எழுதிய அளவுகள் நிலைபெற்றன. அவர் தம் கருத்துக்கு ஏற்பக் காட்சியை மாற்றி எழுதினாரல்லர்; காணாத மூன்றாம் அளவை ஊகித்துச் சேர்த்தாரல்லர். கண்டதைக் கண்டவாறே குறித்தமையால்தான், பிற்காலத்தார் அக்குறிப்பைக்கொண்டே அவர் கருத்தைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

முற்றுப்பெறாத பணி

சிறுகோள்களைத் தேடியது போக்சன் செய்த பணியின் ஒரு பகுதியே. 1862 முதல் 1887 வரை அவரும் அவர்தம் உதவியாளரும் 5,000-க்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து பதிந்தனர். நிலையமே சென்னை நேரத்தை வரையறுத்து அறிவித்தது. அந்நேரத்தையே இந்திய இருப்புப்பாதைகளும் பின்பற்றின. வானிலைக் குறிப்புக்களும் நாள்தோறும் எழுதப்பட்டன. ஆட்கள் குறைவு, வேலை மிகுதி. இரவில் அளந்ததைப் பகலில் கணித்து ஒழுங்குசெய்ய ஆளில்லாமையால் குறிப்புக்கள் அடுக்கடுக்காய்த் தேங்கின. அவற்றுட் பெரும்பகுதி நூல்வடிவம் பெறுதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இத்தாமதம் போக்சனின் பணியிற் காணத்தக்க ஒரு குறையே. அளந்த அளவுகள் உலகத்தார் கைக்கு உரிய காலத்தில் எட்டாவிடின் அவற்றின் பயன் குறையும் அன்றோ!

சிறிய கருவிகளால் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் போக்சன் நன்கு உணர்ந்திருந்தார். 1882-ஆம் ஆண்டில், தென்னாட்டு மலையொன்றின்மீது 20 அங்குல விட்டமுடைய பெரிய தொலைநோக்கியை நிறுவ வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். அதற்குத் தகுந்த இடம் தேடும் முயற்சியும் தொடங்கிற்று. ஆனால், அம்முயற்சி நிறைவேறுவதற்கு முன்னரே, 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அறுபத்திரண்டாம் வயதில் அவர் சென்னையில் காலமானார். இறுதிவரையில் அவர் பதவியை விட்டு நீங்கவில்லை.

அவருக்குப்பின் மைக்கி ஸ்மித் என்பவர் தேங்கிக் கிடந்த குறிப்புக்களை ஒழுங்குசெய்து நூல்களாக வெளியிட்டார். மலைமீது வானாராய்ச்சி நிலையம் அமைய வேண்டும் என்ற எண்ணமும் வீண்போகவில்லை. 1899-இல் வானாராய்ச்சிப் பணி கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது; நுங்கம்பாக்கத்தில் வானிலைப் பணி தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

நிலைத்த புகழ்

போக்சன் புள்ளியாகக் கண்ட சிறுகோள்களின் இயல்பை அறியும் ஆற்றல் பிற்காலத்தார்க்கு வாய்த்தது. அவர் 1866-இல் சென்னையிற் கண்ட சில்வியாவை இரண்டு சிறு துணைக்கோள்கள் சுற்றி வருகின்றன என்பது 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இரு துணைக்கோள்களையுடைய சிறுகோள் ஒன்று அறியப்பட்டது அதுவே முதன்முறை. போக்சனின் பெயரை ஒரு சிறுகோளும் நிலவின் மேற்பரப்பிலுள்ள வட்டப்பள்ளம் ஒன்றும் தாங்கி நிற்கின்றன. அவற்றினும் மேலாக, விண்மீன் ஒன்றின் ஒளியை யார் எங்கு அளந்தாலும் அவர் வகுத்த 2.512 என்னும் எண் அவ்வளவின் உள்ளே நின்று பணிபுரிகின்றது.

இக்காலத்தில் நூறாயிரக்கணக்கான சிறுகோள்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நிலவுலகத்தை நெருங்கக்கூடியவை எவை என்பதை அறிதற்கு நாடுதோறும் நிலையங்கள் இரவுதோறும் விழித்திருக்கின்றன. பெரிய கண்ணாடிகளும் விரைவான கணிப்பொறிகளும் இன்று துணைநிற்கின்றன. எனினும், அடிப்படை வேலை அன்று நுங்கம்பாக்கத்தில் நடைபெற்றதேயாகும்: முன்னிரவில் இல்லாத புள்ளியைக் காணுதல், அதன் இடத்தை அளத்தல், மீண்டும் காணுதல், மீண்டும் அளத்தல்.

பெரிய கருவி கிடைத்த பின்னரே பெரிய பணி செய்வோம் என்று காத்திருப்பவர் பலர். கையிலுள்ள சிறிய கருவியைக் கொண்டு, இருக்கும் இடத்திலேயே, கண்டதைக் கண்டவாறு எழுதி வைப்பவர் சிலர். போக்சன் அச்சிலருள் ஒருவர். கருத்துக்கள் காலத்தால் மாறலாம். உண்மையோடு அளந்த அளவு மாறுவதில்லை. இதுவே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.